நாலு பக்க விதித்தாளும் ஒரு வாளி ஆகாயத்தாமரையும்

பிளஸ் டூ பயாலஜிக்கும் நீட்டுக்கும் சேர்த்து இரண்டு வருட பேட்ச் நடத்தும் டியூஷன்கள் மதுரையில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அண்ணா நகர் பக்கம் உள்ள ஒன்றில் என் மகள் படித்து 2025-ல் முடித்தாள். குறை சொல்லவும் விஷயம் இருப்பதால் பெயரைப் போடவில்லை. சேருகிற அன்றே கையெழுத்து வாங்கும் நாலு பக்க விதித்தாளைப் பற்றிச் சொன்னால், விசாரித்துக்கொண்டிருக்கிற பெற்றோருக்கு எந்த இடம் என்று தானே புரிந்துவிடும்.

நான் ஒரு ஆஸ்பத்திரி லேபில் டெக்னீசியன். அதனால் வாசல் பேனரில் எத்தனை டாக்டர் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. மைக்ரோஸ்கோப் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டேன். ஆபீஸில் இருந்த பெண் கொஞ்சம் முழித்தாள். "மாடியில இருக்குக்கா, போய்ப் பாருங்க" என்றாள். மூன்று இருந்தன. ஒன்றில், எண்ணெய் விட்டுப் பார்க்கிற 100 எக்ஸ் லென்ஸில், என்றைக்கோ விட்ட எண்ணெய் காய்ந்து பிசுபிசுத்துக் கிடந்தது. மற்ற இரண்டும் சுத்தமாக, உறை போட்டு இருந்தன. போர்டும் புரொஜெக்டரும் மட்டும் வைத்து பயாலஜி நடத்துகிற இடங்களைப் பார்த்து அலுத்திருந்த எனக்கு, அந்த எண்ணெய் கூட ஒரு நல்ல அறிகுறியாகப் பட்டது. யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இனி விதித்தாள். 'மாணவரிடம் நாங்கள் எதிர்பார்ப்பது' என்று தலைப்பு. வருகை 90 சதவீதம் வேண்டும். ஞாயிறு காலை 7 மணிக்கு டெஸ்ட். பத்து நிமிடம் பிந்தினால் வகுப்புக்குள் விட மாட்டார்கள், வராந்தாவில் உட்கார்ந்து படிக்க வேண்டும். போனை வாசலில் உள்ள மரப்பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும். வீட்டு விசேஷம் லீவுக்குக் காரணமாகாது. திருவிழாக்களில் அழகர் ஆற்றில் இறங்கும் நாள் மட்டும் விடுமுறை. டிராஃபிக் ஒரு காரணமே இல்லை என்று தனியாக ஒரு வரி, அடிக்கோடு போட்டு.

இந்தக் கடைசி வரியை எழுதியவர் கோரிப்பாளையம் சிக்னலைத் தாண்டி வந்திருக்கவே மாட்டார். நாங்கள் செல்லூர். மேம்பால வேலை தொடங்கியபின் அந்த வழியாக நேரத்துக்குப் போய்ச் சேருவது ஆண்டவன் விட்ட வழியாகத்தான் இருந்தது. சித்திரைத் திருவிழா என்றால் கேட்கவே வேண்டாம். ஆற்றில் இறங்குவதற்கு முதல் நாள், அழகரை ஊருக்குள் வரவேற்கும் எதிர்சேவை அன்றே தல்லாகுளம் அடைபட்டுவிடும், ஆனால் அன்றைக்கு வகுப்பு உண்டு! நீட் தேர்வும் பெரும்பாலும் அதே சமயத்தில்தான் வரும். 2023-ல் மே 5 அழகர் ஆற்றில் இறங்கினார், மே 7 நீட். ஆகவே திருவிழா முழுக்க லீவு விடாததில் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆற்றுக்கு வடகரையில் இருக்கிற பிள்ளைகளை எதிர்சேவை அன்றைக்கு மட்டும் வராந்தாவில் உட்கார வைக்காமல் இருக்கலாம்.

பாடத்துக்கு வருவோம். இந்த இடத்தை நான் மற்றவர்களுக்குச் சொல்வதற்கு முதல் காரணம், போர்டு தேர்வையும் நீட்டையும் ஒன்றுக்காக ஒன்றைத் தியாகம் செய்யாமல் நடத்துவது. ஸ்டேட் போர்டில் பயாலஜி எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்: உயிரி-தாவரவியல் 35, உயிரி-விலங்கியல் 35. செய்முறை 20, அகமதிப்பீடு 10. நீட்டில் 720-க்கு 360 பயாலஜிதான், 90 கேள்வி, சரியான விடைக்கு 4, தப்பான விடைக்கு ஒன்று போய்விடும். ஒன்றில் ஐந்து மார்க் கேள்விக்குப் படம் போட்டு விளக்கி எழுத வேண்டும், இன்னொன்றில் அரை நிமிடத்தில் வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். ரெண்டுக்கும் பழக்கம் வேறு. பல இடங்களில் "நீட் வந்தா போர்டு தன்னால வந்துரும்" என்பார்கள். வராது. என் அக்கா மகன் அப்படி ஒரு இடத்தில் படித்து, எல்லாம் தெரிந்தும் எழுதத் தெரியாமல் வந்தான். வேளாண்மைக்கும் கால்நடை மருத்துவத்துக்கும் தமிழ்நாட்டு இடங்களுக்கு பிளஸ் டூ மார்க்தான் கணக்கு என்பதை அவர்கள் யாரும் சொல்வதே இல்லை. என் மகள் இப்போது ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் இருக்கிறாள் என்றால், அது வாராவாரம் எழுதி எழுதிக் கை வலித்த அந்த ஐந்து மார்க் விடைகளால்தான்.

பிளஸ் ஒன் பாடத்தை இங்கே தாண்டிப் போவதில்லை என்பதையும் விதித்தாளிலேயே எழுதிக் கொடுக்கிறார்கள். பிளஸ் ஒன்னைத் தொடாமல் நேரே பிளஸ் டூவுக்குத் தாவுகிற பழக்கம் ஊரெங்கும் இருந்ததும், அதனால்தான் 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்ததும் நமக்குத் தெரிந்த கதை. நீட்டுக்கு ரெண்டு வருடப் பாடமும் வேண்டும். அதோடு நம் ஸ்டேட் போர்டு புத்தகத்துக்கும் மத்திய பாடத்திட்டத்தின் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்துக்கும் இடையே பிள்ளைகளைக் குழப்புகிற சின்னச் சின்ன வித்தியாசங்கள் உண்டு. நம் பிளஸ் ஒன் விலங்கியலில் மண்புழு என்றால் லாம்பிட்டோ மாரிட்டி, அதன் உடம்பில் தடித்துத் தெரியும் பட்டையான கிளைடெல்லம் 14 முதல் 17 வரையுள்ள உடல் வளையங்களில். என்.சி.இ.ஆர்.டி. நடத்தி வந்தது ஃபெரிட்டிமா, அதற்கு 14 முதல் 16. தவளையும் அப்படியே, இங்கே ரானா ஹெக்ஸாடாக்டைலா, அங்கே ரானா டைக்ரினா. விலங்கியல் மேடம் இந்த மாதிரி இடங்களையெல்லாம் ஒரு தனி நோட்டில் இரண்டு பத்தியாக எழுத வைத்தார். கடையில் விற்கிற எந்தக் கைடை விடவும் அந்த நோட்டு உபயோகமாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் இரவல் வாங்கிப் போனான், இன்னும் திரும்பி வரவில்லை.

தாவரவியல் எடுப்பவர் மேடத்தின் கணவர். சார் கொஞ்சம் முசுடு. ஆனால் ஒரு நாள் நான் மகளைக் கூப்பிடப் போனபோது, மாடிப்படியில் ஒரு பிளாஸ்டிக் வாளி நிறைய ஆகாயத்தாமரை இருந்தது. வைகையில்தான் அதற்குப் பஞ்சமே இல்லையே. பிள்ளைகள் ஆற்றில் இறங்கக் கூடாது என்று விதி இருப்பதால் இவரே போய் அள்ளி வந்திருக்கிறார். பருத்த இலைக்காம்பை ஆளுக்கொன்று கொடுத்து, பிளேடால் மெல்லிசாகச் சீவச் சொன்னார். வெட்டிய துண்டுகளை வாட்ச் கிளாஸ் என்கிற குழிவான கண்ணாடித் தட்டில் தண்ணீரில் மிதக்க விட்டு, அதில் மிக மெல்லியதைத் தூரிகையால் எடுத்து, சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் போட்டு, கழுவி, ஒரு சொட்டு கிளிசரின் விட்டு, கவர் ஸ்லிப்பைச் சாய்த்து இறக்க வேண்டும். நேராகப் போட்டால் காற்றுக் குமிழ் மாட்டிக்கொள்ளும். பாதிப் பிள்ளைகளுக்கு முதலில் குமிழ்தான் தெரிந்தது, அதையே செல் என்று வரைந்துகொண்டிருந்தார்கள்.

நானும் எட்டிப் பார்த்தேன். பெரிய பெரிய காற்றறைகள், நடுவில் ஒற்றை வரிசைச் செல்களால் ஆன சுவர்கள். சிவப்பு எங்கேயோ கொஞ்சம். பக்கத்து மைக்ரோஸ்கோப்பில் சூரியகாந்தித் தண்டு, அதில் வட்டமாகச் சிவப்புத் திட்டுகள். சார் ஒன்றும் விளக்கவில்லை. "இதுல ஏன் சிவப்பு இல்ல, அதுல ஏன் இருக்கு? எழுதிட்டு வீட்டுக்குப் போங்க" என்றார். தண்ணீரிலேயே மிதக்கிற செடிக்கு நீரைக் கடத்தும் சைலம் பெரிதாகத் தேவையில்லை, சாஃப்ரனின் பிடிப்பது சைலத்தின் செல்சுவரைக் கெட்டியாக்கும் லிக்னினை. என் மகள் கண்டுபிடித்துவிட்டாள். ஒரு பையன் சாயம் தீர்ந்துவிட்டது என்று எழுதினான், அதற்கும் சார் அரை மார்க் போட்டதாகக் கேள்வி.

ரெக்கார்ட் நோட்டு விஷயத்தில் இவர்கள் விதி கடுமை, எனக்கு ரொம்பப் பிடித்தது. நோட்டு வீட்டுக்கு வராது. லேபில் தெரிந்ததைத் தெரிந்தபடி பென்சிலில் வரைய வேண்டும், நிழல் போடக் கூடாது, பெயரிடும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. காசு கொடுத்து ரெக்கார்ட் வரைந்து வாங்குகிற பழக்கம் ஊரில் உண்டு, தெரியாதவர் யார்? இங்கே மாட்டினால் முதல் தடவை பெற்றோரைக் கூப்பிடுவார்கள், இரண்டாம் தடவை அந்த வருடம் முழுக்க லேபுக்குள் விட மாட்டார்கள். தேர்வுக்கான புத்தகப் படம் தனி, அது டெஸ்ட் பேப்பரில். ரெண்டையும் குழப்பவே கூடாது.

ரத்தப் பிரிவு பார்க்கும் செய்முறைக்குப் பெற்றோர் சம்மதக் கடிதம் கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான், பிள்ளைகள் மைனர். அன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் போய் நின்றேன். விரலில் குத்த ஆளுக்கொரு புது லான்செட் ஊசி, ஸ்பிரிட் பஞ்சு, பிரிவைக் காட்டும் சோதனைத் திரவங்களான நீல ஆன்டி-ஏ, மஞ்சள் ஆன்டி-பி, நிறமில்லாத ஆன்டி-டி மூன்றும் குளிர்பெட்டியில். திருப்தி. ஆனால் குத்திய லான்செட்டுகளைச் சாதாரணக் குப்பைக்கூடையில் போட்டார்கள். காலையில் அந்தக் கூடையைக் கையால் அள்ளுகிற ஆயாவை நினைத்து எனக்குப் பதறியது. 2016 மருத்துவக் கழிவு விதிப்படி கூர்மையான பொருளெல்லாம் துளைபடாத வெள்ளை டப்பாவில் போக வேண்டும் என்று மேடத்திடம் சொன்னேன். முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டு, அந்த வாரமே டப்பா வாங்கி வைத்துவிட்டார். எங்கள் ஆஸ்பத்திரியில் இதே விஷயத்துக்கு நான் பட்ட பாட்டை நினைத்தால், இது பெரிய காரியம்.

டெஸ்ட் சரியாக நடக்கும். பேப்பர் அன்றைக்கே திருத்தி வந்துவிடும். நீட் மாடலில் பயாலஜி 90 கேள்வியை 45 நிமிடத்தில் முடிக்கச் சொல்வார்கள், மிச்ச நேரம் பிசிக்ஸுக்கு வேண்டுமே. 2025 ஜனவரியில், விருப்பக் கேள்விகள் கிடையாது, பழையபடி 180 கேள்வி, 180 நிமிடம் என்று நீட்டை நடத்தும் என்.டி.ஏ. அறிவித்தபோது மற்ற இடங்களில் கையில் இருந்த பழைய பேப்பரையே ஓட்டினார்கள். இங்கே அடுத்த ஞாயிறே புது மாடல். டெஸ்ட் முடிந்ததும் ஒரு கும்பல் நத்தம் ரோட்டில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விடும், படித்தார்களோ ஏசியில் தூங்கினார்களோ.

இனி குறை. டெஸ்ட்டைத் தவறவிட்டால் ஒரு வாரத்துக்குள் மறுபடி எழுதலாம், ஆனால் எவ்வளவு எடுத்தாலும் 80 சதவீதம்தான் பதிவாகும். உடம்பு சரியில்லை என்று மருத்துவச் சான்று தந்தால் முழு மார்க். மகளுக்குக் காய்ச்சல் வந்து பிளேட்லெட் இறங்கியபோது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். செல்லாதாம், டாக்டர் சீல் வேண்டுமாம். அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவளே நான்தான். "ரூல்ஸ் அப்படிக்கா" என்றாள் ஆபீஸ் பெண். நாலு பக்கத்தில் பயாலஜி தெரிந்தவர் எழுதிய விதி எது, ஆபீஸில் எழுதிய விதி எது என்று அன்றைக்குத்தான் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தது.

இன்னொன்று, வாட்ஸ்அப் குரூப். இரவு 9 மணிக்கு மேல் பிள்ளை போனைத் தொடக் கூடாது என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, 11 மணிக்கு இவர்களே ரேங்க் லிஸ்ட் போடுகிறார்கள். முதல் ஆள் முதல் கடைசி ஆள் வரை பெயரோடு. அடுத்த நாள் காலையில் யாரோ ஒரு அம்மா "என்னங்க, உங்க பாப்பா இந்த வாட்டி இறங்கிருச்சே" என்று கேட்பார். மேடத்திடம் சொல்லிப் பார்த்தேன். "போட்டி இருந்தாத்தான் படிப்பாங்கம்மா" என்றார். லான்செட் விஷயத்தில் கேட்டவர் இதில் கேட்கவில்லை. கடைசி வரை லிஸ்ட் வந்துகொண்டுதான் இருந்தது. நான் குரூப்பை மியூட் செய்துவிட்டேன்.

கட்டணம் வருடத்துக்கு 28,000, மூன்று தவணை. இரண்டு வாரத்துக்குள் நின்றால் முதல் தவணையில் பாதி திரும்பக் கிடைக்கும், அதற்குப் பிறகு கிடையாது. இதெல்லாம் விதித்தாளில் தெளிவாகவே இருக்கிறது. இல்லாதது எது என்றால், இரண்டாம் வருடம் டிசம்பரில் திடீரென்று கேட்ட டெஸ்ட் சீரிஸ் கட்டணம் 4,500. எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டால் "எல்லாருக்கும் உண்டும்மா" என்பதுதான் பதில்.

ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். பிள்ளைக்கு செடி, பூச்சி, ஸ்லைடு என்று கையால் தொட்டுப் படிக்க ஆசை இருந்தால் தாராளமாகச் சேருங்கள். நீட் மட்டுமே குறி, மனப்பாடம் செய்தால் போதும் என்றால் லேபில் போகிற நேரம் வீணாகத் தெரியும், வேறு இடம் பாருங்கள். சேருகிறவர்கள் விதித்தாளில் கையெழுத்துப் போடும் முன்பு டெஸ்ட் சீரிஸ் தொகையையும் அதே தாளில் பேனாவால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆபீஸ் பெண் எழுத மாட்டேன் என்றால் மாடிக்குப் போய் மேடத்தையே பாருங்கள்.