ஸ்பிளெண்டர் டேங்க்கில் துரு: எலுமிச்சை உப்பா, கோட்டிங்கா, புது டேங்க்கா?

அப்பா 1997-இல் வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர். 2014-இல் முட்டி வலி வந்து நிறுத்தியவர் அப்புறம் அதைத் தொடவே இல்லை. ஒன்பது வருடம் மாடிப்படிக்குக் கீழே நின்றது. 2023-இல் நான் டேங்க் மூடியைத் திறந்தபோது அடியில் கால் லிட்டர் அளவுக்கு டிகாக்ஷன் நிறத்தில் ஏதோ கிடந்தது. பெட்ரோல் வாசனையே இல்லை, பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்த நெடி. செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால் உள்சுவர் முழுக்கச் செங்கல் நிறம். எங்களுக்கு நாகப்பட்டினம். வாசல் கேட்டுக்கு அடித்த பெயின்ட்டே இரண்டு வருடம் தாங்காத உப்புக்காற்று. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மற்ற வேலைகளில் யோசிக்கவே தேவையில்லை. டயர் பக்கவாட்டில் வெடித்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். பேட்டரி, பிரேக் ஷூ, எஞ்சின் ஆயில், பிளக் எல்லாம் அப்படியே. கிக்கரை மிதிக்கும் முன்பு பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிட வேண்டும். சைலன்சர் வாயையும் பார்த்துவிடுங்கள், என் வண்டியில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. ஆர்.சி. 15 வருடத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டியது. அது வேறு அலைச்சல். இதுவா அதுவா என்று மண்டையைக் குடைந்தது டேங்க் ஒன்றுதான்.

அந்தக் கேள்வியையும் நான் முதலில் கேட்கவில்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டரை மட்டும் கழற்றிக் கழுவி, டேங்க்கைப் பெட்ரோலால் ஒரு அலசு அலசி மாட்டினேன். வண்டி ஸ்டார்ட் ஆனது. நாலாம் நாள் சிக்னலில் ஐடிலிங் நிற்காமல் அணைந்தது. கார்ப்பரேட்டருக்குள் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டின் ஓட்டை தலைமுடி பருமன்தான் இருக்கும். அதில் துருத்தூள் போய் உட்கார்ந்துவிட்டது. மறுபடி கழற்றி, கழுவி, மாட்டி, அடுத்த வாரம் அதே கதை. தெருமுனை மெக்கானிக் அண்ணன் சிரித்தார். "தம்பி, டேங்க் உள்ள சரி பண்ணாம கார்ப்பரேட்டரைக் கழுவுறது, மோட்டரை நிறுத்தாம தரையைத் துடைக்கிற மாதிரி" என்றார்.

அவர் சொன்ன வழி புது டேங்க். கம்பெனி சரக்கு இல்லை, வெளியில் செய்து விற்பது, மூவாயிரத்துச் சொச்சம் ஆகும் என்றார். ஒரு மணி நேர வேலை, அன்றைக்கே ஓட்டிக்கொண்டு போகலாம். கடையில் போய் ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். தகடு மெலிசு, கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போய் வெளியே வருகிறது. பின்பக்க மவுண்டிங் ஓட்டை கொஞ்சம் தள்ளி இருக்கிறது, ராவித்தான் மாட்ட வேண்டும் என்று கடைக்காரரே சொன்னார். அதைவிட முக்கியமாக, புது டேங்க்கும் இரும்புத் தகடுதான். நம் ஊர்க் காற்றில் அரை டேங்க் பெட்ரோலோடு நிறுத்தி வைத்தால் அதுவும் துருப்பிடிக்கும். பழைய டேங்க் ஓட்டையாகியிருந்தால் நான் மறுபேச்சு பேசாமல் இதைத்தான் வாங்கியிருப்பேன். தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி நியூஸ் பேப்பர் மேல் வைத்துப் பார்த்தேன், காகிதம் நனையவில்லை.

அடுத்தது கோட்டிங். துருவை எடுத்துவிட்டு உள்ளே எபாக்சி மாதிரி ஒன்றை ஊற்றி, டேங்க்கை எல்லாப் பக்கமும் உருட்டிக் காயவிடுவது. கேட்பதற்கு இதுதான் நிரந்தரத் தீர்வு போல இருக்கும். நானே செய்து பார்க்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் செய்து கெட்டதை ஒரு முறை கண்ணால் பார்த்தேன். தெரிந்தவர் ஒருவரின் புல்லட் டேங்க்கில் கோட்டிங் பால் ஆடை போல உரிந்து, டேங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் பெட்ரோல் காக்கின் வலையில் சுருண்டிருந்தது. உள்ளே பழைய பெட்ரோலின் பிசின் துளி மிச்சம் இருந்தாலோ ஈரம் இருந்தாலோ அது தகட்டைப் பிடிக்காது. டேங்க் மூலைகளில் பிசின் இல்லை, ஈரம் இல்லை என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? உரிந்த பிறகு அதைச் சுரண்டி எடுக்கவும் வழியில்லை. சரியாக அடித்தவர்களுக்குப் பல வருடம் தாங்குகிறது என்கிறார்கள். இருக்கலாம்.

பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றும் ஆட்களும் இருக்கிறார்கள். அரை மணியில் துரு போய்விடும். கூடவே நல்ல தகடும் போகும். கழுவி முடித்த சில நிமிடங்களிலேயே ஆரஞ்சு நிறத்தில் புதுத்துரு பூக்கும். பேட்டரி சார்ஜரையும் சலவை சோடாவையும் வைத்து எலக்ட்ராலிசிஸ் செய்வது உண்மையிலேயே நல்ல முறை, தகட்டைத் தின்னாது. ஆனால் உள்ளே தொங்கவிடும் கம்பிக்கு நேராகத் தெரியும் இடத்தில்தான் நன்றாக வேலை செய்யும். ஸ்பிளெண்டர் டேங்க் நடுவில் ஃப்ரேமுக்காக மடிந்து இரண்டு தொடையாகத் தொங்குவது, அதில் நேர்க்கோடு எங்கே கிடைக்கும்?

நான் செய்தது எலுமிச்சை உப்பு. சிட்ரிக் ஆசிட் என்று கேட்டாலும் தருவார்கள். ஒரு கிலோ வாங்கினேன்.

அதற்கு முன்பு ஒரு வேலை உண்டு, பலர் விட்டுவிடுவது அது. பழைய பெட்ரோலின் பிசின் மேல் எலுமிச்சை உப்பு ஏறாது. அதனால் வெந்நீரில் துணி துவைக்கும் பவுடரைக் கரைத்து ஊற்றி, உள்ளே நட்டுகளைப் போட்டுக் குலுக்கினேன். எண்ணிப் போட்டேன், 25 நட்டு. கை வலிக்கக் குலுக்கிக் கவிழ்த்தபோது 24 வந்தது. அந்த ஒன்று எங்கே ஒளிந்துகொண்டது என்று அரை மணி நேரம் டேங்க்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றதில் அம்மாவுக்கு நல்ல வேடிக்கை.

அப்புறம் பெட்ரோல் காக்கைக் கழற்றி அந்த ஓட்டையை ரப்பர் வைத்து அடைத்து, பெயின்ட் மேல் சிந்தாமல் வெளிப்பக்கம் முழுக்கப் பாலித்தீன் சுற்றி, வெந்நீரில் கரைத்த கரைசலைக் கழுத்து வரை நிரப்பினேன். பத்து லிட்டருக்குப் பக்கம் தண்ணீர், ஒரு கிலோ உப்பு. மூடியை மட்டும் இறுக்கக் கூடாது. உள்ளே குமிழ் விடும், அந்த வாயு ஹைட்ரஜன். பக்கத்தில் பீடியோ அடுப்போ இருக்கக் கூடாது. 24 மணி நேரம் கழித்துக் கொட்டியபோது கறுப்பும் பச்சையுமாக வந்தது. உள்ளே சாம்பல் நிறத் தகடு தெரிந்தது. வருடக் கணக்கில் பார்க்காத தகடு.

இனிமேல்தான் அவசரம். உடனே ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் இரண்டு முறை அலசி, சித்திரை மாத உச்சி வெயிலில் இரண்டு வாயையும் திறந்து வைத்து, ஹேர் டிரையரையும் உள்ளே ஊதவிட்டேன். டீ குடிக்கப் போனால் திரும்பி வரும்போது துரு பூத்திருக்கும், அவ்வளவு வேகம். காய்ந்ததும் 100 மில்லி 2டி ஆயிலை (டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்குப் பெட்ரோலில் கலக்கும் எண்ணெய்) அரை லிட்டர் பெட்ரோலில் கலந்து ஊற்றிச் சுவர் முழுக்கப் படும்படி உருட்டினேன். கோட்டிங் எதுவும் இல்லை, இந்த எண்ணெய்ப் படலம்தான் பாதுகாப்பு.

கோட்டிங் இல்லாமல் எத்தனை நாள் தாங்கும் என்று மெக்கானிக் அண்ணன் கேட்டார். சரியான கேள்விதான். மூன்று வழியையும் முதல் நாள் ஒப்பிட்டால் புது டேங்க்தான் ஜெயிக்கும். மூன்றாம் மழைக்காலத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. பெட்ரோல் இல்லாத மேல்பாதியில் ஈரக்காற்று நுழைந்து, ராத்திரி குளிரில் வியர்த்துச் சுவரில் வடியும். இந்த வண்டி வந்த காலத்தில் பங்க்கில் எத்தனால் கலந்த பெட்ரோல் கிடையாது. இப்போது வருவது 20 சதவீதம். எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் போய்த் தங்கும். பெட்ரோல் காக்கின் குழாய் டேங்க் தரைக்குக் கொஞ்சம் மேலே நிற்பதால் அந்தக் கடைசிச் சொட்டுகள் வெளியே வர வழியில்லை. துரு ஆரம்பிக்கும் இடம் அதுதான், டேங்க் புதிதோ பழையதோ.

ஆக எந்த வழியில் போனாலும் பராமரிப்பு நம் தலையில்தான். நிறுத்தி வைப்பதென்றால் டேங்க்கை வாய் வரை நிரப்பி நிறுத்துவது, கார்ப்பரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுவது, மாதம் ஒருமுறை காக்கின் அடியில் இருக்கும் கிண்ணத்தைக் கழற்றிப் பார்ப்பது. கோட்டிங் அடித்த டேங்க்கில் அடியில் என்ன நடக்கிறது என்று தெரியாது, தெரிய வரும்போது உரிந்திருக்கும். வெறும் தகட்டில் டார்ச் அடித்தால் தெரியும். மோசமானால் இன்னொரு கிலோ எலுமிச்சை உப்பு, இன்னொரு நாள். எனக்கு முடிவு இதில்தான் நின்றது.

மூன்று மழைக்காலம் போயிருக்கிறது. வண்டி தினமும் மீன் மார்க்கெட் வரை ஓடுவது, அதனால் பெட்ரோல் தேங்குவதில்லை. மாதக்கணக்கில் நிற்கிற வண்டிக்கு இதே பலன் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். போன கார்த்திகையில் தொடர் மழைக்கு அப்புறம் கிண்ணத்தைக் கழற்றினேன். ஒரு சிட்டிகை பழுப்புத்தூள் இருந்தது, விரலில் தேய்த்தால் மாவு போல. டார்ச்சில் பார்த்தால் வலது தொடையின் தையல் ஓரம் லேசாகச் சிவந்திருக்கிறது. சித்திரை வரட்டும், இன்னொரு தடவை ஊறவைக்க வேண்டும். அந்த 25-ஆவது நட்டும் அப்போதாவது வெளியே வருகிறதா பார்க்கலாம்.