இயந்திரக் கண்காணிப்புச் சேவை: பீனியா பட்டறையில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

பெங்களூரு பீனியாவில் அப்பா தொடங்கிய பட்டறையில் உற்பத்தியை நான் கவனித்துக்கொள்கிறேன். கணினி ப்ரோகிராமில் ஓடும் ஆறு சிஎன்சி லேத்துகள் (கடைசல் இயந்திரங்கள்), இரண்டு விஎம்சி (செங்குத்து மில்லிங் இயந்திரங்கள்), ஓரத்தில் அரசு நிறுவனமான எச்.எம்.டி. செய்த ஒரு பழைய லேத். வால்வு, ஹைட்ராலிக் உதிரிகள்தான் பெரும்பாலும் செய்கிறோம். ஓராண்டுக்கு மேலாக இவை அனைத்திலும், இயந்திரம் எப்போது ஓடுகிறது, எப்போது, ஏன் நிற்கிறது என்று பதிந்து திரையில் காட்டும் ஒரு கண்காணிப்புச் சேவையை மாத வாடகைக்கு எடுத்து ஓட்டிவருகிறோம். குறைகளையும் சொல்லப்போகிறேன் என்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். தும்கூர் சாலையில் நடக்கும் இம்டெக்ஸ் இயந்திரக் கண்காட்சிக்குப் போனவர்கள் இந்த வகைத் திரைகளை அரங்குக்கு அரங்கு பார்த்திருப்பார்கள்.

பொருத்தும் வேலை நேர்த்தியாக நடந்தது. புதிய லேத்துகளில் ஃபேனுக் நிறுவனத்தின் கன்ட்ரோலர்கள் (இயந்திரத்தை இயக்கும் கணினிகள்) இருப்பதால் ஈதர்நெட் கேபிள் போட்டதுமே ஸ்பிண்டில் (சுழல்தண்டு) சுற்றுகிறதா, எந்த ப்ரோகிராம் ஓடுகிறது, எந்த அலாரம் வந்தது என்ற விவரமெல்லாம் வரத் தொடங்கின. ஈதர்நெட் இல்லாத பழைய இயந்திரங்களில் இயந்திரத்தின் நிலையைக் காட்டும் டவர் லைட்டுக்குப் போகும் 24 வோல்ட் சிக்னலை எடுத்துக்கொண்டார்கள். எச்.எம்.டி. லேத்தில் அதுவும் கிடையாது. மோட்டாருக்குப் போகும் மின்கம்பியைச் சுற்றி ஒரு சென்சாரை மாட்டி, மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்து அது வெட்டுகிறதா, சும்மா நிற்கிறதா என்று கண்டுபிடிக்கிறார்கள். ஒவ்வோர் இயந்திரத்தின் அருகிலும் ஒரு சிறு தொடுதிரை உண்டு. இயந்திரம் நின்றால் ஆப்பரேட்டர் அதில் காரணத்தைத் தொட வேண்டும்.

இந்தச் சேவையின் உயிர் அந்தத் தொடுதிரையில்தான் இருக்கிறது. 304 ரக எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) உதிரி ஒன்றைத் தொடர்ந்து செய்துவருகிறோம். ப்ரோகிராம் ஓடும் நேரம் 94 வினாடி. கழற்றி மாட்ட 20 வினாடி போதும். ஆனால் ஒரு ஜாப் (வெட்டப்படும் உதிரி) முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி சராசரியாக 40 வினாடி என்று அறிக்கை காட்டியது. வெறும் அறிக்கையை மட்டும் பார்ப்பவர் ஆப்பரேட்டர் மெதுவாக வேலை செய்கிறார் என்றுதான் முடிவுகட்டுவார். அந்த லேத்தை ஓட்டும் தருமபுரிக்காரரோ, காரணப் பட்டியலில் பொருத்தமானது இல்லாததால், ஒவ்வொரு முறையும் ‘மற்றவை’ என்பதையே தொட்டிருந்தார். என்னவென்று கேட்டேன். “சுருள் மேடம். ஜாபைப் பிடிக்கும் ‘சக்’கைச் சுற்றிக்கொள்கிறது. கொக்கி போட்டு இழுத்தால்தான் ஜாபைக் கழற்ற முடியும்” என்றார்.

304 இழுபடும் உலோகம். வெட்டும்போது துண்டு துண்டாக உடையாமல் நீண்ட சுருளாக வரும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் ஒரு ஜாபுக்கு 20 வினாடி அதில் கரைகிறது என்பது எங்கள் யாருக்கும் எண்ணாகத் தெரிந்திருக்கவில்லை. வழியையும் அவரே சொன்னார்: வெட்டிக்கொண்டே போகும்போது டூல் ஆங்காங்கே நின்று நின்று போனால் சுருள் அறுந்துவிடும். எங்கள் ப்ரோகிராமர் அதில் ஒரு திருத்தம் செய்தார். அப்படியே நிறுத்தினால் டூல் உரசும் இடத்தில் 304 இறுகிவிடும். ஆகவே நிறுத்துவதற்குப் பதிலாக ஒரு நூலளவு பின்வாங்கி மீண்டும் நுழையச் செய்தார். அதுவும் ரஃபிங் என்ற முதல் முரட்டு வெட்டில் மட்டும், கடைசி ஃபினிஷிங் வெட்டில் கிடையாது. ப்ரோகிராம் 2 வினாடி நீண்டது. மணிக்கு 26, 27 என்று வந்துகொண்டிருந்த எண்ணிக்கையோ 31 ஆனது.

உற்பத்தித் தொழிலில் புதுமை என்று நான் மதிப்பது இதைத்தான். யோசனை அவருக்கு வெகுநாளாகவே இருந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராமில் கைவைக்க ஒரு காரணம் வேண்டுமல்லவா? அந்தக் காரணத்தைத் தகவல் தொழில்நுட்பம் கொடுத்தது. மாற்றத்துக்கு முன்பும் பின்பும் ஒரு இன்செர்ட் (டூலின் மாற்றக்கூடிய வெட்டுமுனை) எத்தனை ஜாபுக்கு உழைத்தது என்பதும் பதிவில் இருந்ததால், டூல் செலவு ஏறிவிடும் என்று தயங்கிய அப்பாவிடம் அதையே காட்ட முடிந்தது. முன்பெல்லாம் இப்படியொரு சோதனையின் முடிவு, யார் குரல் பெரிதோ அவர் பக்கம் போய்விடும்.

இனி எனக்கு ஒப்பாதவை. சேவையை விற்க வந்தவர் 85 சதவீத ஓஇஇ (இயந்திரத்தின் ஒட்டுமொத்தத் திறன்) என்ற இலக்கைத் திரும்பத் திரும்பச் சொன்னார். இயந்திரம் கிடைத்த நேரம், ஓடிய வேகம், தேறிய தரம் மூன்றையும் பெருக்கி வரும் எண் அது: 90, 95, 99 சதவீதம் என்றால் ஏறக்குறைய 85. ஜப்பானில் செய்யிச்சி நாகாஜிமா டிபிஎம் என்ற பராமரிப்பு முறையோடு பரப்பிய அளவுகோல். ஒரே உதிரியை மாதக்கணக்கில் செய்யும் ஆலைக்கு அது பொருந்தும். 50 எண்ணம், 80 எண்ணம் என்று ஆர்டர் எடுத்து ஒரே ஷிப்டில் இரண்டு முறை செட்டிங் (அடுத்த உதிரிக்கு இயந்திரத்தைத் தயார்செய்வது) மாற்றும் ஜாப் ஒர்க் பட்டறையில் செட்டிங் நேரம் முழுவதும் நஷ்டக் கணக்கில் விழுகிறது. எங்களுக்குச் சோறு போடுவதே அந்தச் சிறு ஆர்டர்கள்தான். நான் ஓஇஇ பக்கத்தைத் திறப்பதே இல்லை; செட்டிங் நேரத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்கிறேன்.

அதைவிட மோசம், ஆப்பரேட்டர்களைத் தரவரிசைப்படுத்தி சுவர் டிவியில் காட்டும் வசதி. கடினமான செட்டிங்குகளைச் செய்யும் மூத்தவர் கடைசி இடத்தில் சிவப்பாக நின்றார். பட்டன் தட்டினால் ஜாப் வரும் லேத்தில் நிற்கும் புதுப் பையன் முதலிடம். இதைக் கண்டதும் தொடுதிரையில் உண்மைக் காரணம் வருவது குறைந்தது. தேநீருக்குப் போனாலும் ‘டூல் மாற்றம்’ என்று பதிவானது. எடுத்துவிடச் சொல்லி நிறுவனத்தைப் பலமுறை அழைத்த பிறகே எடுத்தார்கள். மனிதர்கள் பயந்து தரும் தகவலால் யாருக்கு என்ன பயன்? இந்தச் சேவையை வாங்குபவர்கள் முதல் நாளே அந்தத் தரவரிசைத் திரையை அணைக்கச் சொல்லுங்கள்.

காரணப் பட்டியல் ஆங்கிலத்தில் மட்டும் வந்தது. எங்களிடம் வேலை செய்பவர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி, வட கர்நாடகம், ஒடிசா ஆகிய பகுதிகளைச் சேர்ந்தவர்கள். கேட்டுக்கொண்டதன் பேரில் படக்குறிகள் போட்டுத் தந்தார்கள். ‘சுருள்’ என்பதற்கும் ஒரு படம் சேர்ந்தது. இந்த விஷயத்தில் அவர்களைப் பாராட்ட வேண்டும். மின்தடையின்போது பதிவுகள் தொலைவதில்லை, இணையம் வந்ததும் சேர்ந்துவிடுகின்றன. கைபேசிச் செயலி சுமார்தான்.

வாடகை இயந்திரத்துக்கு மாதம் 1,500 ரூபாய், பொருத்தும் கட்டணம் தனி. எங்கள் லேத்துக்கு மணிக்கு 400 ரூபாய் கணக்கிடுகிறோம். மாதத்தில் நான்கு மணி நேரம் மீண்டாலே வாடகை கழிந்துவிடும். சிஎன்சிகளில் மீள்கிறது. எச்.எம்.டி. லேத்தில் மீளவில்லை, அடுத்த மாதத்திலிருந்து அதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். இரண்டு மூன்று இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

ஒப்பந்தத்தில் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். எங்கள் இயந்திரங்களின் பதிவுகளை முழுமையாக எக்செல் கோப்பாக எடுக்க வழியில்லை, மாத அறிக்கை பிடிஎஃப் ஆகத்தான் வருகிறது. சேவையை விட்டால் ஓராண்டு விவரமும் அவர்களிடமே தங்கிவிடும். புதுப்பிக்கும்போது இதை எழுத்தில் மாற்றித் தந்தால்தான் கையெழுத்து என்று சொல்லியிருக்கிறேன்.