‘வெர்ஜின் ட்ரையோ’ கப்பி வாங்குபவர்கள் கவனத்துக்கு

ஆன்லைனில் கப்பி என்ற சின்ன அலங்கார மீன் விற்கும் ஒருவரிடம் அல்பினோ ஃபுல் ரெட் (சிவப்புக் கண், சிவப்பு உடம்பு ரகம்) ட்ரையோ, அதாவது ஓர் ஆண், இரண்டு பெண், 1,200 ரூபாய்க்கு வாங்கினோம். பெண் இரண்டும் வெர்ஜின், அதாவது இதுவரை ஆணோடு சேராதவை என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே தந்தார். மீன் உயிரோடுதான் வந்தது, நிறத்திலும் குறையில்லை. ஆனால் முதல் பேட்ச் குட்டிகளில் பாதிக்கு மேல் கருப்புக் கண்.

அல்பினோ ஒடுங்கு பண்பு. தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் கண் சிவக்கும். ஒரே ஸ்ட்ரெயினின் (ரகத்தின்) சிவப்புக் கண் ஜோடிக்குக் கருப்புக் கண்ணோடு ஒரு குட்டிகூடப் பிறக்க வழியில்லை. விற்றவரின் தொட்டியிலேயே வேறு ஆணோடு அந்தப் பெண் சேர்ந்திருக்கிறது. கேட்டதற்கு வந்த பதில்: “உங்க தண்ணில டிடிஎஸ் ஜாஸ்தி ப்ரோ.” டிடிஎஸ் என்றால் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு. தண்ணீர் சரியில்லை என்றால் மீன் சாகும், கண் நிறம் மாறாது. உயிரோடு வந்து சேரும் என்ற ‘லைவ் அரைவல் கேரண்டி’ இருக்கிறதே என்றால், அது செத்து வரும் மீனுக்கு மட்டும், கவரைப் பிரிக்காத வீடியோவும் வேண்டும் என்றார். அத்தோடு பிளாக்.

இந்த ஏமாற்று எளிதாக நடக்கக் காரணம் கப்பியின் உடம்புதான். பெண் ஒருமுறை சேர்ந்தால் விந்தை உள்ளேயே வைத்துக்கொண்டு, ஆணே இல்லாமல் மாதக்கணக்கில் அடுத்தடுத்துக் குட்டி போடும். மாஸ்கோ ப்ளூ போன்ற ரகங்களில் குட்டியைப் பார்த்த அன்று எதுவும் தெரியாது; வால் விரிந்து நிறம் ஏற இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குள் விற்றவர் நம்பரை மாற்றியிருப்பார். அல்பினோ என்பதால் பிறந்த அன்றே குட்டு வெளிப்பட்டது. இன்னொரு தொல்லையும் அல்பினோவில் உண்டு. சாதாரணப் பெண்ணின் வயிற்றடியில் தெரியும் கருப்புப் புள்ளி இதில் வெளிர் ஆரஞ்சாகத்தான் இருக்கும். சினையாக இருப்பதை வீடியோவில் மறைப்பது சுலபம்.

வெர்ஜின் என்று சொல்ல வேண்டுமானால் குட்டிகளை மூன்று, நான்கு வாரத்துக்குள் பிரித்திருக்க வேண்டும். அந்த வயதில் ஆணின் அடித்துடுப்பு ஒடுங்கிக் குச்சிபோல் நீளத் தொடங்கும், பெண்ணுக்கு விசிறியாகவே நிற்கும். நல்ல வெளிச்சத்தில், கண்ணாடி டம்ளரில் ஒவ்வொன்றாக விட்டுப் பக்கவாட்டில் பார்த்தால்தான் பிடிபடும். ஓர் ஆண் தப்பினாலும் அந்தத் தொட்டியே வீண். இத்தனை வேலை இருப்பதால் கேட்டவுடன் எந்த ஸ்ட்ரெயினிலும் பெரிய வெர்ஜின் பெண் ‘ஸ்டாக் இருக்கு’ என்பவரைச் சந்தேகப்படுங்கள்.

பணம் கட்டும் முன் பெண்கள் தனியாக வளரும் தொட்டியின் வீடியோ கேளுங்கள். முழுத் தொட்டியும் தெரிய வேண்டும், ஓரத்தில் ஓர் ஆண் வால் ஓடினாலும் விட்டுவிடுங்கள். அதே பேட்ச் ஆண்களையும் காட்டச் சொல்லுங்கள். கண்ணை நெருங்கி எடுத்த வீடியோவும் தேவை. ஆணைச் சேர்க்காமலே குட்டி போட்டால் பணம் திரும்ப என்று எழுதி வாங்குங்கள், மறுப்பவரிடம் வாங்கவே வேண்டாம். வாங்கும் பெண்களின் வாலில் நிறம் அந்த ரகத்துக்கு வழக்கமானதைவிட அடர்ந்திருந்தால் தீவனத்தில் ஆண் ஹார்மோன் போயிருக்கலாம். தீவனம் மாறியதும் நிறம் மங்கும், இனப்பெருக்கமும் கெடும்.

மீன் வந்ததும் ஆணைச் சேர்த்துவிடாதீர்கள். பெண்களை மட்டும் 20 லிட்டர் தொட்டியில், ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு 40 நாள் தனியே வையுங்கள். சூடு 25 முதல் 28 டிகிரி. கப்பிக்குச் சினைக்காலம் 21 முதல் 30 நாள்தான். ஏற்கெனவே சேர்ந்த பெண்ணானால் இதற்குள் பெரும்பாலும் போட்டுவிடும். தாயே குட்டியைத் தின்றுவிட்டால் உங்களுக்குத் தெரியாமல் போகும், அதனால் ஜாவா மாஸ் என்ற நீர்ப்பாசியை அடர்த்தியாகப் போட்டு, காலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். சின்ன பிளாஸ்டிக் பிரீடிங் பாக்ஸில் அத்தனை நாள் அடைத்தால் பெண் நொந்துபோகும்.

இந்த 40 நாளில் நோயும் தெரிந்துவிடும். மலவாயில் மெல்லிய சிவப்பு நூல்கள் நீட்டிக்கொண்டிருந்தால் கமலானஸ் என்ற குடல் புழு. புழு மருந்தான லெவாமிசோல் ஹைட்ரோகுளோரைடு லிட்டருக்கு 2 மில்லிகிராம், 24 மணி நேரம், பிறகு அடித்தளத்தை உறிஞ்சித் தண்ணீர் மாற்றம். மூன்று வாரத்தில் இன்னொரு முறை. உப்பு இதற்கு வேலை செய்யாது.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் அந்தப் பெண்ணிடமிருந்தே ஸ்ட்ரெயினைத் தேற்றப் பார்க்கிறார்கள். புதிய ஆணைச் சேர்த்தால் புதிய விந்து முந்தும் என்றாலும் பழையதும் கலந்து வரும். சிவப்புக் கண் குட்டி எல்லாம் சுத்தம் என்றும் நினைக்காதீர்கள், தகப்பன் ‘அல்பினோ கோய்’ என்ற வேறு கப்பி ரகமாகவும் இருக்கலாம். ட்ரையோவில் வந்த ஆண் மட்டும் உருப்படி. அதற்கு வேறு நம்பகமான இடத்தில் இளம் பெண் தேடுங்கள். கலப்புக் குட்டிகளை ‘மிக்ஸ் கப்பி’ என்று சொல்லியே கொடுங்கள், ஏரியிலும் வாய்க்காலிலும் விடாதீர்கள்.