செல்ஃபா, ஸ்டாட்டிக்கா? பிள்ளையின் மாறிலியைத் தாய் எடுக்கும் வழிகள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட உள்ள ஒரு பனம்பொருள் கடைக்குப் பிஎச்பி என்ற நிரல்மொழியில் பில் அடிக்கும் மென்பொருள் செய்து கொடுத்தேன். முதல் நாளே கடைக்கார அக்கா கூப்பிட்டுக் கேட்டா: "தம்பி, நான் எப்ப கிலோக்கணக்கில பனங்கட்டி வித்தனான்?"

பனம்பொருள் என்பது தாய் கிளாஸ்; ஒடியல், பனங்கட்டி எல்லாம் அதிலுள்ளதை வாங்கிக்கொள்ளும் பிள்ளை கிளாஸ்கள். தாயில் 'அலகு' ஒரு மாறிலி, அதாவது ஓடும்போது மாறாத மதிப்பு; அது கிலோ. ஒடியலுக்கு அது சரி. பனங்கட்டி கிளாஸில் மட்டும் அதைக் குட்டான் (பனங்கட்டி வைக்கும் சின்ன ஓலைப்பெட்டி) என்று மாற்றியிருந்தேன். (பிஎச்பியில் இந்தப் பெயர்களைத் தமிழெழுத்திலேயே வைக்கலாம். நான் அப்படித்தான் வைப்பேன்.) பில் வரியை ஆக்குவது தாயிலுள்ள ஸ்டாட்டிக் மெதட், அதாவது கிளாஸின் பெயரைச் சொல்லியே கூப்பிடும் செயல். அதற்குள் செல்ஃப்::அலகு என்று எழுதியதுதான் பிழை.

செல்ஃப், தான் எழுதப்பட்ட கிளாஸை விட்டு அசையாது. எந்தப் பிள்ளை வழியாகக் கூப்பிட்டாலும் கிலோதான். ஸ்டாட்டிக்::அலகு என்றால், கூப்பிட்ட கிளாஸ் எது என்று ஓடும்போது பார்த்துக் குட்டானை எடுக்கும். 2009இல் வந்த 5.3 பதிப்பு தந்த வசதி இது. அதற்காகச் செல்ஃபை ஒதுக்க வேண்டாம். எந்தப் பிள்ளையும் மாற்றக்கூடாத மதிப்புக்கு அதுவே பொருத்தம்; 8.1 முதல் அந்த மாறிலிக்கு ஃபைனல் என்றும் பூட்டுப் போடலாம்.

ஸ்டாட்டிக்கிலும் ஒரு வழுக்கல் உண்டு. பனங்கட்டிக்குள் இருந்தே மெதட்டைப் பனம்பொருள்:: என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை மறந்துபோகும், மறுபடி கிலோ வரும். பேரன்ட்:: என்று கூப்பிட்டால் பிள்ளையின் அடையாளம் கூடவே போகும்.

எனக்குப் பெரிய கவலை விலைதான். அலகுக்குத் தாயில் ஒரு பொது மதிப்பு வைக்கலாம், விலைக்கு எதை வைப்பது? பூச்சியம் வைத்தால் சாமான் சும்மா போகும். ஒன்றும் வைக்காமல் ஸ்டாட்டிக்::விலை என்று எழுதினால், விலை போட மறந்த பிள்ளை, அந்த வரி ஓடும்வரை மாட்டாது. மாட்டும்போது கடையில் ஆள் நிற்கும். மாறிலியை அப்ஸ்ட்ராக்ட், அதாவது பிள்ளை கட்டாயம் நிரப்ப வேண்டியது, என்று அறிவிக்கப் பிஎச்பி விடாது. மெதட்டை விடும்.

ஆகவே விலையை அப்ஸ்ட்ராக்ட் ஸ்டாட்டிக் மெதட் ஆக்கினேன். ஒவ்வொரு பிள்ளையிலும் மூன்று வரி கூடுதலாக எழுத வேண்டும், எழுதுகிறேன். போன கிழமை பனாட்டைச் சேர்க்கும்போது விலையை விட்டுவிட்டேன். கிளாஸை ஏற்றும் இடத்திலேயே பிஎச்பி நின்றுவிட்டது, என் மேசையில்.