அப்சல்யூட் எல்ஸ்வேர்: இரண்டு பாடல்களில் ஒரு நெடும் பயணம்

உறுமல் குரலும் கனத்த கிட்டார்களும் கொண்ட டெத் மெட்டல் என்ற ராக் வகையோடு வேறோர் இசை வகையைக் கலப்பது நேற்றுத் தொடங்கிய முயற்சியன்று. 1991இல் ஏதீஸ்ட் குழு ஜாஸின் தாள நெளிவுகளை அதற்குள் கொண்டுவந்தது. 1993இல் சினிக் குழு தன் 'ஃபோகஸ்' தொகுப்பில் ஜாஸ் ஃபியூஷனையும், வோகோடர் என்ற மின்னணுக் கருவி வழியாக உருமாறி வரும் குரலையும் சேர்த்தது. ஓபெத் குழுவின் 'பிளாக்வாட்டர் பார்க்' 2001இல் வெளிவந்தபோது உறுமலும் மென்குரலும் ஒரே பாடலுக்குள் குடியிருப்பது பலருக்கும் பழகிய அழகாகிவிட்டது. எனவே, எதை எதோடு கலந்தார்கள் என்பதைவிட, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எப்படி வந்து சேர்கிறார்கள் என்பதையே நான் கவனித்துக் கேட்கிறேன். அமெரிக்காவின் டென்வர் நகரைச் சேர்ந்த பிளட் இன்கன்டேஷன் குழு 2024 அக்டோபரில் வெளியிட்ட 'அப்சல்யூட் எல்ஸ்வேர்' இந்தச் சோதனையில் பெரும்பாலான இடங்களில் வென்றிருக்கிறது.

தொகுப்பில் இருப்பவை 'தி ஸ்டார்கேட்', 'தி மெசேஜ்' என்ற இரண்டே பாடல்கள். ஒவ்வொன்றும் 20 நிமிடங்களைத் தாண்டுகிறது. ஒவ்வொன்றும் 'டேப்லெட்' என்ற பெயரில் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இசைத்தட்டில் பக்கத்துக்கு ஒரு பாடல். பதிவு நடந்த இடம் பெர்லினின் புகழ்பெற்ற ஹன்சா ஒலிப்பதிவுக்கூடம். தயாரிப்பாளர் ஆர்தர் ரிஸ்க்.

முதற்பாடலின் முதற்பகுதியை எடுத்துக்கொள்வோம். கரகரத்த ரிஃப்களும் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகள்) பிளாஸ்ட் பீட் என்ற அதிவேக டிரம்ஸ் அடியும் மூச்சுவிடாமல் மோதிக்கொண்டிருக்கும்போதே இசை திடீரெனத் தளர்ந்து, நிதானமான தாளத்தின் மேல் சிந்தசைசர் மிதக்கும் எழுபதுகளின் ராக் வெளிக்குள் நுழைகிறது. காகிதத்தில் படிக்க இது முரட்டுத்தனமான வெட்டாகத் தோன்றும். காதில் அப்படி விழாததற்கு முதற்காரணம், எந்த வேகத்திலும் தளர்ச்சியான துள்ளலைக் கைவிடாத ஐசக் ஃபால்க்கின் டிரம்ஸ். அடுத்த காரணம், ஜெஃப் பாரெட்டின் ஃபிரெட்லெஸ் பேஸ், அதாவது கழுத்தில் சுரக்கட்டைகள் இல்லாத பேஸ் கிட்டார். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் அந்த பேஸ் ஆவேசமான பகுதியிலும் பாடுகிறது, அமைதியான பகுதியிலும் பாடுகிறது. கிட்டார்கள் முகம் மாறும்போது கேட்பவர் பற்றிக்கொள்ள ஓர் இழை மிஞ்சுகிறது. பிறகு வரும் நீண்ட கிட்டார் தனியிசை, விரைவைக் காட்டிக்கொள்ளாமல் ஒவ்வொரு சுரத்தையும் ஒலித்து அடங்க விடுகிறது. டெத் மெட்டல் கிட்டார் கலைஞர்களிடம் இவ்வளவு பொறுமையை அடிக்கடி கேட்க முடிவதில்லை.

இரண்டாம் பகுதியில் ஜெர்மனியின் மின்னணு இசைக்குழுவான டேஞ்சரின் ட்ரீமைச் சேர்ந்த தோர்ஸ்டன் குவேஷ்னிங் விருந்தினராக வாசிக்கிறார். கனமான இரு பகுதிகளுக்கு நடுவே இளைப்பாற வைத்த இடைவேளை இசையாக இதை எண்ணிவிடக் கூடாது. சிந்தசைசரின் திரும்பத் திரும்ப வரும் துடிப்பு மெல்ல மெல்ல ஓர் அச்சத்தைத் திரட்டுகிறது. அந்த அச்சம் உள்ளே ஏறிய பிறகு உறுமல் திரும்பும்போது, அது முதற்பகுதியில் இருந்ததைவிடப் பன்மடங்கு பெரிதாகக் கேட்கிறது. இதே குழு 2022இல் 'டைம்வேவ் ஜீரோ' என்ற தொகுப்பை முழுக்க முழுக்கச் சூழலிசையாகவே வெளியிட்டபோது முகம் சுளித்த ரசிகர்கள் உண்டு. அந்தப் பயிற்சி வீண்போகவில்லை என்பதற்கு இந்தச் சில நிமிடங்களே போதும்.

'தி மெசேஜ்' பாடலைப் பற்றி எனக்கு முழு நிறைவில்லை. அதன் இரண்டாம் பகுதியில் குழுவின் பாடகர் பால் ரீடல் உறுமலை விட்டுத் தெளிந்த குரலில் பாடுகிறார்; ஸ்வீடனின் ஹாலாஸ் ராக் குழுவைச் சேர்ந்த நிக்லஸ் மால்ம்க்விஸ்ட் வாசித்திருக்கும் விசைப்பலகைகள் அந்தக் குரலைத் தாங்குகின்றன. அழகான பகுதிதான். ஆனால் பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் சாயல் அங்கே சற்று அதிகமாகப் படிந்து, குழுவின் சொந்த முகம் சிறிது நேரம் மறைந்துவிடுகிறது. பதினொரு நிமிடங்களுக்கு மேல் நீளும் இறுதிப்பகுதியிலும் ஓரிரு திருப்பங்கள் முன்னதிலிருந்து முளைத்தவையாக இல்லாமல் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தவையாகத் தோன்றுகின்றன. முதற்பாடல் உயர்த்திவிட்ட எதிர்பார்ப்பினாலேயே இந்தக் குறை உறுத்துகிறது என்பதையும் சொல்ல வேண்டும். வேறொரு குழு இதையே செய்திருந்தால் சாதனை என்றுதான் எழுதியிருப்பேன்.

ஒலிப்பதிவின் தரம் தனியே பாராட்டத்தக்கது. இன்றைய மெட்டல் தொகுப்புகள் பலவற்றில் எல்லாக் கருவிகளையும் உச்ச ஒலியில் நெருக்கி அடைத்துவிடுவதால் மெல்லிய பகுதிக்கும் வலிய பகுதிக்கும் வேறுபாடு மங்கிவிடுகிறது. இங்கே டிரம்ஸ் ஒரு கூடத்தில் வாசிக்கப்பட்டது போலவே ஒலிக்கிறது. தாளத் தட்டுகளின் அதிர்வு அடங்கும் வரை காதுக்கு எட்டுகிறது. வகைகளைக் கலக்கும் இசைக்கு இந்த இடைவெளி இன்றியமையாதது, ஏனெனில் அமைதிக்கு இடமில்லாத பதிவில் கலப்பே கேட்காது.

இதைப் பகுதி பகுதியாக உடைத்தோ, கலைத்துப் போட்டோ கேட்க வேண்டாம். இணையச் செயலியில் கேட்பவர்கள் பாடல்களுக்கிடையே இடைவெளி விழாதபடி அமைத்துக்கொள்வது நல்லது. உறுமல் குரல் பழகாதவர்கள் 'தி ஸ்டார்கேட்' பாடலின் முதற்பகுதியிலிருந்தே தொடங்கலாம். இரண்டாவது நிமிடத்தைத் தாண்டும் வரை பொறுத்திருந்தால், மேலே தொடர்வதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.