28 கிலோ பாக்கி வைத்திருந்த கருப்பட்டிக் கடை

சாத்தான்குளத்திலிருந்து உடன்குடி போகிற ரோட்டில் இருக்கிறது இந்தக் கடை. பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் ஒரு வேப்பமரம், உள்ளே அடுக்கி வைத்த பனையோலைப் பெட்டிகள், அதுதான் அடையாளம். நான் பாளையங்கோட்டையில் வீட்டிலேயே அதிரசம், பணியாரம் போட்டு விற்கிறேன். மாதத்துக்கு 10, 12 கிலோ கருப்பட்டி வேண்டும். இரண்டு வருஷமாக இங்கேதான் வாங்குகிறேன்.

முதலில் சரக்கைச் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன்னால் வேறொரு இடத்தில் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு தீபாவளிக்கு அங்கே வாங்கியதில் பாகு காய்ச்சினேன். மறுநாள் அதிரசத்தை எடுத்துச் சுவரில் எறிந்தால் சுவர்தான் பெயரும். அவ்வளவும் சீனிக் கலப்படம். உடைத்த இடத்தில் மினுமினு என்று மின்னியதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். இந்தக் கடைச் சரக்கு உடைத்தால் மங்கலாகத்தான் இருக்கும். நாக்கில் வைத்தால் முதலில் இனிப்பு, அப்புறம் லேசான உவர்ப்பு. பதநீர் புளித்துவிடக் கூடாது என்று கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவார்கள் அல்லவா, அந்த வாடையும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். பாகை ஒருமுறை துணியில் வடிகட்டிவிடுங்கள், அடியில் வண்டல் நிற்கும். மழைக்காலத்தில் கசியும், அதைக் குறையாகச் சொல்லி அவரிடம் போய் நிற்காதீர்கள். சுக்குக் கருப்பட்டி சுமார்தான், மிளகு தூக்கலாக இருக்கிறது. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கப்புறம் கண்டதுக்கெல்லாம் உடன்குடி என்று பெயர் ஒட்டுகிறார்கள். இவர் எதையும் ஒட்டுவதில்லை.

இனி அண்ணாச்சியைப் பற்றி. கடைக்காரருக்கு இப்போது அறுபது வயதுக்கு மேல் இருக்கும். என் அப்பாவுக்குச் சமாதானபுரத்தில் டீக்கடை, கருப்பட்டிக் காப்பிதான் அங்கே பேர்போனது. தொண்ணூறுகளில் அப்பா சரக்கு எடுத்தது இவரிடம்தான். 10 கிலோ என்று வருவது எங்கள் தராசில் ஒன்பதரைதான் நிற்கும். அப்பா நிறுத்துப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், பேச மாட்டார். ஒரே ஒரு தடவை கேட்டார். நானும் கூட நின்றேன், பள்ளிக்கூட யூனிபார்ம் போட்டிருந்தேன். இவர் ஒரு கிலோ எடைக்கல்லை எடுத்து வாசல்படியில் நங்கென்று போட்டார். "என் தராசையா வேய் குத்தம் சொல்லுதீரு?" என்றார். கல் உருண்டு சாக்கடைக்குள் போய்விட்டது. அப்பாதான் குனிந்து எடுத்துக் கழுவிக் கொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. செய்தது தப்பு என்று தெரிந்தாலும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது, சொன்னால் தலை இறக்கம். சின்னப் பிள்ளையிலேயே இதைச் சோற்றோடு ஊட்டிவிடுவார்கள். என் வீட்டிலும் அதே கதைதான். பத்து வருஷம் பேசாமல் இருந்த சித்தப்பா சாவு வீட்டுக்கு வந்து தூணோரமாக நின்றுவிட்டுப் போனார், காரணம் ஒரு வரப்பு.

இத்தனைக்கும் அண்ணாச்சி குடும்பம் ஐந்து தலைமுறையாக வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். இங்கிருந்து கிட்டத்தில்தான் முதலூர், 1799இல் கிறிஸ்தவர்களுக்கென்றே உண்டாக்கிய ஊர். அந்தாண்டை இடையன்குடி, கால்டுவெல் பாதிரியார் 1841இல் வந்து தங்கிய இடம். அவர் கட்டிய கோயில் 1880இல் பிரதிஷ்டை ஆனது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போன குடும்பம். எடைக்கல்லைப் போட்டாரே, அந்தக் காலத்திலும் போனவர்தான். இதை நானே அவரிடம் கேட்டேன். "நான் போனேம்மா. தராசு கடையிலேயே கெடந்துட்டு" என்றார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ சொல்லி இந்தக் கடைக்கு வந்தபோது அது இவர் கடை என்று எனக்குத் தெரியாது. ஊர் கேட்டார், அப்பா பெயர் கேட்டார். சொன்னதும் எழுந்து உள்ளே போய்விட்டார். சரி, பழைய சண்டை நினைவுக்கு வந்துவிட்டது, இனிச் சரக்கு கிடைக்காது என்று பையை மடக்கினேன். ஒரு பழைய சிட்டையோடு வந்தார். அட்டை எல்லாம் கருப்பட்டிப் பிசுக்கு. அப்பா பெயருக்கு நேராகத் தேதிகள், பக்கத்தில் சிவப்பு மையில் புதிதாக ஒரு கணக்கு: அரைக் கிலோ வீதம் 14 தடவை, 7 கிலோ. அதற்கு நாலு மடங்கு, 28.

நாலு மடங்கு எதற்கு என்று கேட்டதற்குச் சகேயு கதையைச் சொன்னார். லூக்கா சுவிசேஷத்தில் வரி வசூலிக்கிற ஆள். அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று இயேசுவிடம் நின்று சொல்கிறான். "உபவாசக் கூட்டத்தில ஊழியக்காரர் அதைப் பேசிட்டு இருக்காரு, எனக்கு ஒங்க அப்பா மொகம் வந்து நிக்கு. குனிஞ்சு கல்லை எடுக்காரு." அவ்வளவுதான் சொன்னார். தேடி வந்தாராம், அப்பா இறந்து கடையும் போய்விட்டிருந்தது. சிட்டையில் அப்பா மட்டுமில்லை, இன்னும் பலர். சிலருக்குக் கோடு போட்டிருந்தது, சிலருக்கு இல்லை.

எனக்கு வேண்டாம் என்றேன். அப்பாவே கேட்காததை நான் எப்படி வாங்குவது? அவ்வளவுதான், மனுஷனுக்கு முகம் சிவந்துவிட்டது. "வாங்கலேன்னா இந்தக் கடையில ஒரு துண்டுகூட உனக்குக் கெடையாது, வேற எங்கயாவது போய் சீனியத் தின்னு!" குரலைக் கேட்டதும் எனக்கு அந்த எடைக்கல் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்பதிலும் இந்த வீம்பு. கடைசியில் நான்கு தடவையாக ஏழு ஏழு கிலோ எடுத்துக்கொள்வதென்று பேசி முடித்தோம். ஒவ்வொரு தடவையும் அவரே நிறுத்தார், முள் நின்ற பிறகும் மேலே ஒரு துண்டு வைத்தார்.

தராசுக்கு மேலே சுவரில் பெயின்டில் எழுதியிருக்கிறது: கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது.

குறைகள் உண்டு. பேரம் கிடையாது. போன மாதம் கிலோ 360 கொடுத்தேன். ஞாயிறு கடை இல்லை, கன்வென்ஷன் என்கிற ஜெபக்கூட்ட நாட்களிலும் இல்லை, முன்கூட்டிச் சொல்லவும் மாட்டார். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சுவிசேஷத் துண்டுப்பிரசுரம் வைத்துவிடுகிறார். நான் நெல்லையப்பரைக் கும்பிடுகிறவள், வேண்டாம் என்று சொல்லியும் வைக்கிறார். இன்னொன்று, புதிதாக வருகிற ஆளிடம் "எந்த ஊரு, யாரு வீடு, நீங்க என்ன ஆட்கள்?" என்று இழுத்து இழுத்துக் கேட்பார். எதற்குக் கேட்கிறார் என்று நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சகேயு அந்தப் பக்கம் இன்னும் வரவில்லை போல. ஒருநாள் முகத்துக்கு நேராகச் சொன்னேன். பதில் சொல்லவில்லை. அடுத்த முறை நான் நிற்கும்போது ஒரு பையன் வந்தான். "எந்த ஊரு" என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்துவிட்டு, "எத்தனை கிலோ" என்று முடித்தார். நான் இல்லாதபோது என்ன கேட்கிறாரோ.

காலையில் பதினோரு மணிக்குள் போய்விடுங்கள். பெரிய பை கொண்டுபோங்கள், ஓலைப் பெட்டி பஸ்ஸில் நசுங்கும். என் பெயரைச் சொல்லிப் பார்க்காதீர்கள், விலை குறையாது.