பிஆர் லேண்டிங்: போர்ட்டலா, பார்டரா, ஏர்போர்ட்டா?

கணவரையோ மனைவியையோ கனடாவுக்கு அழைக்கும் ஸ்பான்சர் விண்ணப்பம் ஒப்புதலாகிவிட்டது என்ற செய்தி வந்த அன்றே யாரும் கனடாவின் நிரந்தரவாசி (பிஆர்) ஆகிவிடுவதில்லை. லேண்டிங் என்கிற கடைசிப் படி பாக்கி இருக்கிறது. அதை இணையத்தில் குடிவரவுத் துறையின் போர்ட்டல் வழியாக முடிக்கலாம், அமெரிக்க எல்லைக்குப் போய்த் திரும்பி முடிக்கலாம், வெளிநாட்டிலிருந்து வந்து விமான நிலையத்தில் முடிக்கலாம். மூன்றில் எது நல்லது என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் கைக்கு என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள். பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

துணைவர் கனடாவுக்குள்ளேயே இருந்தால் பெரும்பாலும் வருவது குடிவரவுத் துறையின் மின்னஞ்சல்தான். ‘கனடாவில்தான் இருக்கிறீர்களா, முகவரி என்ன’ என்று கேட்கும் முதல் கடிதத்தைப் பலரும் பி1 என்பார்கள், போர்ட்டல் கணக்குத் திறந்து கொடுக்கும் அடுத்ததைப் பி2 என்பார்கள். உள்ளே போய், கனடா மண்ணில் இருப்பதாக உறுதிமொழி தந்து, பிஆர் கார்டுக்கான படத்தை ஏற்ற வேண்டும். சில வாரங்களில் மின்-சிஓபிஆர், அதாவது நிரந்தரவாசி ஆனதை உறுதிப்படுத்தும் ஆவணத்தின் மின் வடிவம், அதே கணக்கில் பிடிஎஃப் ஆக வந்து நிற்கும். செலவில்லை, பயணமில்லை, அமெரிக்க விசா என்ற பேச்சே இல்லை.

இங்கே தாமதம் வருவது பெரும்பாலும் படத்தால்தான். ஜேபிஇஜி கோப்பாக, குறைந்தது 715க்கு 1000 பிக்சலில், 240 கேபியிலிருந்து 4 எம்பிக்குள் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பி இறக்கிய படம் சுருங்கி இந்த அளவுக்குக் கீழே போய்விடும். ஸ்டூடியோவில் கோப்பாகவே கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, இந்தப் போர்ட்டலை விண்ணப்பதாரர்தான் இயக்க வேண்டும். வக்கீலோ கன்சல்டன்ட்டோ அவர் பெயரில் உறுதிமொழி தர முடியாது. மின்னஞ்சல் ஸ்பேமில் விழுந்து கிடக்கிறதா என்று தினமும் பார்ப்பது நல்லது.

போர்ட்டலின் உண்மையான குறை காத்திருப்பு. பிஆர் ஆவதற்கு முன் தற்காலிக அந்தஸ்தில் கழியும் ஒவ்வொரு நாளும் குடியுரிமைக் கணக்கில் அரை நாள்தான், அதுவும் மொத்தம் 365 நாள் வரைக்கும்தான். வேலை அனுமதி இல்லாமல் விசிட்டராக இருப்பவருக்கு அந்த வாரங்கள் சம்பளம் இல்லாத வாரங்களும்கூட. அதனால்தான் பார்டர் ஆசை வருகிறது.

பார்டரில் எல்லாம் ஒரே நாளில் முடியும். ரெயின்போ பிரிட்ஜ், பீஸ் பிரிட்ஜ், விண்ட்சர், லாக்கோல், சர்ரே பக்கம் டக்ளஸ் போன்ற பெரிய கடவைகளில் இதைச் செய்து பழகிய அதிகாரிகள் இருப்பார்கள். சிறிய கடவைகளில் சில இரவில் மூடியே இருக்கும். கனடாவை விட்டு வெளியேறி, அமெரிக்கச் சாவடியில் நின்று, அப்படியே திரும்பி வருவதற்குத்தான் ஃபிளாக்போலிங் என்று பெயர். 2024 டிசம்பர் 23 இரவு 11:59 முதல் வேலை, படிப்பு அனுமதிகளை இப்படி வாங்குவது பெரும்பாலும் நின்றுபோனது. அந்தத் தடையில் பிஆர் லேண்டிங் சேராது. ஆனால் ஒன்று: சிஓபிஆர் கையில் இல்லாமல் பார்டருக்குப் போய்ப் பயனில்லை. பி1 மின்னஞ்சலைக் காட்டி யாரும் லேண்டிங் வாங்க முடியாது. ஆகவே தாளில் சிஓபிஆர் பெற்று, துணைவர் கனடாவுக்குள்ளோ அமெரிக்காவிலோ இருக்கும் நிலைக்குத்தான் இந்த வழி பொருந்தும்.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். அமெரிக்க விசா இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் அமெரிக்க அதிகாரி உள்ளே விடாமல், அனுமதி மறுத்ததாகவோ நீங்களாகவே திரும்பப் பெற்றதாகவோ ஒரு தாளைக் கொடுத்துத் திருப்பி அனுப்புவார். அன்றைக்கு வேலை முடிந்துவிடும். ஆனால் பின்னாளில் அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 படிவம், விசா மறுப்பு, நுழைவு மறுப்பு, நுழைவு விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது எல்லாவற்றையும் கேட்கிறது. அங்கே ‘ஆம்’ என்று எழுதி விளக்க வேண்டிவரும். சில வாரக் காத்திருப்பை மிச்சப்படுத்த அந்தச் சுமையை ஏற்பது வீண் என்பதே எங்கள் கருத்து. விசா இல்லாதவர், தாளில் சிஓபிஆர் வந்திருந்தாலும், கனடாவில் இருப்பதைச் சொல்லிக் குடிவரவுத் துறையின் இணையப் படிவம் வழியாகப் போர்ட்டலுக்கு மாற்றித் தரக் கேட்கலாம். சிஓபிஆரில் அச்சிட்ட காலாவதித் தேதி நெருங்கிவிட்டால் மட்டும் இந்த முடிவு மாறலாம், காத்திருக்க நேரம் இருக்காது. அந்தத் தேதி பொதுவாக மருத்துவப் பரிசோதனையையோ பாஸ்போர்ட்டையோ ஒட்டி வைக்கப்படுவது, அதை நீட்டித்துத் தர மாட்டார்கள்.

திரும்பும்போது கனடியச் சாவடியில் ‘பிஆர் லேண்டிங்குக்கு வந்திருக்கிறேன்’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே குடிவரவுக் கவுண்டருக்கு அனுப்புவார்கள். அங்கே குற்ற வழக்கு ஏதும் உண்டா, விண்ணப்பத்தில் சொல்லாத குடும்பத்தார் உண்டா, திருமண நிலை மாறியதா என்று கேட்பார்கள். இரண்டாவது கேள்வி சாதாரணமானதல்ல. ஒப்புதலுக்கும் லேண்டிங்குக்கும் இடையில் குழந்தை பிறந்திருந்தால் லேண்டிங்குக்கு முன்பே சொல்லியாக வேண்டும். மறைத்துவிட்டால் அந்தக் குழந்தையைப் பின்னால் குடும்பப் பிரிவில் ஸ்பான்சர் செய்யும் வழியே அடைபடக்கூடும்.

பேனா வைப்பதற்கு முன் சிஓபிஆர் தாளை மேலிருந்து கீழே படியுங்கள். நம் ஆட்களுக்குத் தந்தை பெயரும் சொந்தப் பெயரும் இடம் மாறி அச்சாவது அடிக்கடி நடக்கிறது. பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிழையைக் கையெழுத்துக்கு முன்னாலேயே கவுண்டரில் காட்டுங்கள். பிறகு திருத்த ஐஎம்எம் 5218 விண்ணப்பம் போட்டு மாதக்கணக்கில் உட்கார வேண்டும்.

ஊரிலிருந்து வருபவருக்குத் தேர்வு என்று ஒன்றுமில்லை, விமான நிலையம்தான். பிஆர் விசா ஒட்டிய பாஸ்போர்ட்டும் சிஓபிஆரும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம். டொராண்டோ போகிறவர் வான்கூவரில் விமானம் மாறினால் லேண்டிங் வான்கூவரிலேயே நடக்கும், ஆகவே இணைப்பு விமானத்துக்கு இடைவெளி தாராளமாக இருக்கட்டும். தாலி, வளையல் எல்லாம் வருகிற வழி இதுதான் என்பதால் நகைப் பட்டியலும் இங்கேதான் முக்கியம். சுங்கத்துக்கான பிஎஸ்எஃப் 186 படிவத்தில் ஒவ்வொன்றையும் விவரம், மதிப்போடு எழுதுங்கள். பின்னால் வரப்போகும் பொருள்களையும் இப்போதே சேர்த்துவிடுங்கள்.  ரொக்கம் 10,000 கனேடிய டாலரும் அதற்கு மேலும் என்றால் சொல்லியே ஆக வேண்டும்.

எந்த வழியில் முடித்தாலும் பிஆர் கார்டு தபாலில்தான் வரும். கனேடிய முகவரி 180 நாளுக்குள் போகாவிட்டால் புதிதாக விண்ணப்பித்து 50 டாலர் கட்ட வேண்டும். கார்டு கைக்கு வரும்வரை விமானப் பயணம் வைக்காதீர்கள், ஏனென்றால் திரும்பி ஏறப் பயண ஆவணம் ஒன்றை வெளிநாட்டில் வாங்க வேண்டிவரும். தற்காலிகமாக இருப்பவர்களுக்குத் தரும், 9இல் தொடங்கும் பழைய எஸ்ஐஎன் எண்ணையும் (சமூகக் காப்பீட்டு எண்) லேண்டிங் முடிந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள்.